பூட்டிய வீடுகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பொது சுகாதாரத்தில் பி.எச்டி. செய்துகொண்டிருக்கிறேன். 30 வயதுக்கு மேற்பட்ட கிராமத்து மக்களில் எத்தனை பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது, மருந்து எடுப்பவர்கள் அதை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பது என் ஆய்வு. கொங்குப் பகுதியில் ஓர் ஒன்றியத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கமாக இருக்கும் 10 ஊர்களில் களப்பணி முடித்துவிட்டேன். ஃபார்முலாப்படி 384 பேர் போதும் என்று கைடு சொன்னார். சரியாக 384 பேர் எடுத்திருக்கிறேன். பகலில் நிறைய வீடுகள் பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டோம். பத்தில் ஏழு பேர் பெண்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் 51 பேர்.

கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ‘மாதிரி அளவையும் தேர்வு முறையையும் நியாயப்படுத்தவும்’ என்று ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார்கள். 384க்கு எந்த மேற்கோளைக் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்கள்? மருந்து ஒழுங்கை அளக்கும் எட்டுக் கேள்விகளுக்கு க்ரோன்பாக் ஆல்ஃபா 0.68 வருகிறது. ஒரு கேள்வியைத் தூக்கினால் 0.71 ஆகிறது. தூக்கிவிடலாமா? இன்னோர் ஆய்விதழ் 18,000 ரூபாய் கட்டினால் பத்து நாளில் போட்டுவிடுகிறோம் என்கிறது. கட்டலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வாட்ஸப் குழுவில் கூகுள் ஃபார்மைத் தட்டிவிட்டு, வந்ததை எண்ணி ஆய்வு என்று பெயர் வைப்பவர்கள் பெருகிவிட்ட காலத்தில், வெயிலில் பத்து ஊர் நடந்து 384 பேரின் கையில் பட்டை சுற்றி அளந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு ஒரு வணக்கம். இனி திட்டப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆல்ஃபா விஷயம் சின்னது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் எண் அது. 0.7 இருந்தால் போதும் என்பார்கள், ஆனால் அது யாரும் கல்வெட்டில் பொறித்த எண் அல்ல. 0.68 வந்தால் 0.68 என்று எழுதுங்கள். எண்ணைத் தூக்கிக்காட்ட ஒரு கேள்வியைக் கழற்றினால், அது எந்தக் கேள்வி, ஏன் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று விளக்கம் கேட்பார்கள். உங்களிடம் பதில் இருக்காது. அதைவிட முக்கியம், அந்த எட்டுக் கேள்வி, மருந்து ஒழுங்கை அளக்க மொரிஸ்கி என்பவர் உருவாக்கிய அளவுகோலாக இருந்தால் உரிமம் வாங்கினீர்களா என்று பாருங்கள். உரிமம் இல்லாமல் அதைப் பயன்படுத்தியதற்காக அச்சேறிய கட்டுரைகளையே திரும்பப் பெற வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபாவைப் பற்றி இவ்வளவு போதும்.

384க்கு மேற்கோள் கேட்கிறீர்கள். மேற்கோளுக்கு என்ன பஞ்சம்? க்ரெஜ்சியும் மார்கனும் 1970ல் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையில் 10 லட்சம் மக்கள்தொகைக்கு நேராக அதே 384 நிற்கிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தீர்களா? 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96, பாதிப் பேருக்கு நோய் என்ற அனுமானத்துக்கு 0.5, ஐந்து புள்ளி பிழைக்கு 0.05. 1.96இன் வர்க்கம் 3.8416. அதை 0.5 × 0.5, அதாவது 0.25 ஆல் பெருக்கி, 0.05இன் வர்க்கமான 0.0025 ஆல் வகுத்தால் 384.16. முறையாகப் பார்த்தால் 385 என்று எழுத வேண்டும், அதைக்கூட யாரும் செய்வதில்லை. இந்தக் கணக்குக்குள் மூன்று நிபந்தனைகள் உட்கார்ந்திருக்கின்றன. மொத்த மக்களிலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்திருக்க வேண்டும். எடுத்தவர்கள் அத்தனை பேரும் பதில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்ல வருவது ஒரே ஒரு சதவீதமாக இருக்க வேண்டும். உங்கள் ஆய்வில் மூன்றுமே இல்லை.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்ற கேள்விக்கு உங்கள் மாதிரி 384 அல்ல, 51. ஐம்பத்தோரு பேரை வைத்து ஒரு சதவீதம் சொன்னால் பிழை எல்லை இரு பக்கமும் கிட்டத்தட்ட 14 புள்ளி. பாதிப் பேர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினால், உண்மை 36 ஆகவும் இருக்கலாம், 64 ஆகவும் இருக்கலாம். இந்த ஆய்வில் அதைத் துணைக் கேள்வியாக இறக்கிவிடுங்கள்.

முதல் நிபந்தனைக்கு வருவோம். நீங்கள் ஆட்களைத் தனித்தனியாக எடுக்கவில்லை, ஊர் ஊராகக் கொத்தாக எடுத்தீர்கள். ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒரே தண்ணீர் குடிக்கிறார்கள், ஒரே மாதிரி வேலைக்குப் போகிறார்கள், ஒருவரை ஒருவர் ஒத்திருக்கிறார்கள். இந்த ஒப்புமையைக் குறிக்கும் எண் ரோ. ஒரு கொத்தில் எத்தனை பேர் என்பதிலிருந்து ஒன்றைக் கழித்து, ரோவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது வடிவமைப்பு விளைவு. உங்களுக்கு ஊருக்குச் சராசரி 38 பேர். ரோ வெறும் 0.02 என்று வைத்தால்கூட விளைவு 1.75. உங்கள் 384 பேர் தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 220 பேருக்குத்தான் சமம். ரோ 0.05 என்றால் 134 பேர், பிழை எல்லை 8.5 புள்ளி.

அடுத்த ஆய்வுக்காவது கேட்டுக்கொள்ளுங்கள். பலர் 384ஐ இரண்டால் பெருக்கிவிட்டு அதே பத்து ஊரில் நிரப்புகிறார்கள். ஊருக்கு ஆள் கூடக்கூட விளைவும் கூடும், நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. முதலில் கொத்துக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்யுங்கள். 15 என்று வைத்தால், ரோ 0.05க்கு விளைவு 1.7. 384 × 1.7 = 653. அதை 15 ஆல் வகுத்தால் 44 கொத்து. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று எடுத்துக்கொண்டால் கொத்துக்கு 17 வீடு. ஊர்களைச் சுகாதார நிலையத்துக்குப் பக்கம், பஸ் வசதி என்று பார்த்து எடுக்கக் கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலை வைத்து வீட்டு எண்ணிக்கையை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்தத்தை 44 ஆல் வகுத்தால் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்துத் தொடங்கி, இடைவெளி தோறும் தாண்டுங்கள். பெரிய ஊருக்குப் பெரிய வாய்ப்பு, சின்ன ஊருக்குச் சின்ன வாய்ப்பு. 50 வீட்டுக்குக் குறைந்த ஊரை அடுத்த ஊரோடு சேர்த்துவிடுங்கள். பட்டியல் பழையது என்பதால், விழுந்த ஊரில் ஒரு நாள் நடந்து வீட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதத்தான் வேண்டும். வாக்காளர் பட்டியலில் வயதும் வீட்டு எண்ணும் இருக்கிறதே என்று ஆசை வரும். ஊரைவிட்டுப் போனவர்களும் செத்தவர்களும் அதில் இருப்பார்கள், உங்கள் பகுதி மில்களில் வேலை செய்யும் வடமாநிலத்தவர் இருக்கமாட்டார்கள்.

இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இன்னொரு வரி: ‘பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டோம்.’ போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது நிபந்தனை விழுந்த இடம் அதுதான். உங்கள் ஆய்வின் உயிர் அந்த வரியில்தான் போயிருக்கிறது.

உங்கள் பகுதியில் காலை பதினொரு மணிக்கு எந்த வீடு பூட்டியிருக்கும்? புருஷன் பெண்டாட்டி இருவரும் கம்பெனி வண்டி ஏறி பனியன் கம்பெனிக்கோ ஸ்பின்னிங் மில்லுக்கோ போன வீடு. எந்த வீடு திறந்திருக்கும்? வயதானவர் இருக்கும் வீடு, உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவர் இருக்கும் வீடு. ரத்த அழுத்தம் வயதோடு ஏறுகிற விஷயம். பூட்டிய வீட்டை விட்டுவிட்டுத் திறந்த வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் உங்கள் சதவீதத்தை நீங்களே ஏற்றுகிறீர்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

கணக்காகவே பார்ப்போம். முதலில் குறித்த 384 வீட்டில் 264 திறந்திருந்தன, 120 பூட்டியிருந்தன என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் உள்ளவர்கள் திறந்த வீடுகளில் 36 சதவீதம், பூட்டிய வீடுகளில் 20 சதவீதம் என்றால், உண்மை 31. பூட்டிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திறந்த வீட்டைப் போட்டு நிரப்பினால் உங்களுக்கு வருவது 36. சரி, பத்து மடங்கு வேலை செய்து 3,840 பேரை எடுக்கிறீர்கள். அப்போதும் 36தான் வரும். பிழை எல்லை மட்டும் 5லிருந்து 1.6 ஆகச் சுருங்கி, தவறான எண்ணை இன்னும் தைரியமாகச் சொல்ல வைக்கும். எந்த ஃபார்முலாவும் இதைக் காட்டிக்கொடுக்காது.

தேசிய குடும்ப நல ஆய்வில் ஒரு கொத்துக்கு 22 வீடு குறித்துக் கொடுப்பார்கள். கிடைக்காத வீட்டுக்கு மாற்று வீடு கிடையாது. கிடைக்கவில்லை என்று எழுதி, மறுபடி போக வேண்டும். இந்த ஒழுக்கத்துக்குப் பெரிய பணம் தேவையில்லை, ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி, போன தேதி, மணி, முடிவு. 1 முடிந்தது, 2 வீடு பூட்டு, 3 வீட்டில் ஆள் உண்டு ஆனால் நமக்கு வேண்டியவர் இல்லை, 4 மறுப்பு, 5 காலி வீடு. இரண்டையும் ஐந்தையும் குழப்பாதீர்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தால் ‘அவங்க குடி போயி ஆறு மாசம் ஆச்சு’ என்றோ ‘ராத்திரி எட்டரைக்கு வந்துருவாங்க’ என்றோ சொல்வார்கள். காலி வீடு கணக்கிலிருந்து போய்விடும், பூட்டிய வீடு போகாது. குறைந்தது மூன்று முறை, மூன்று வேறு நேரங்களில்: விடிகாலை, இரவு எட்டு மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை. இரவில் தனியாகப் போகாதீர்கள். ஊர்த் தலைவரிடம் சொல்லிவிட்டு, இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கதவு திறந்தாலும் வேலை முடியவில்லை. கதவைத் திறந்தவரே உங்கள் ஆள் அல்ல. வீட்டில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களை வயது வரிசையில் எழுதி, புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949ல் கொடுத்த மாதிரி ஓர் எண் அட்டவணையை வைத்து ஒருவரை எடுக்க வேண்டும். அவர் மில்லில் இருந்தால் முடிவு 3, மறுபடி போக வேண்டும். நான்கு பேர் இருக்கும் வீட்டிலிருந்து வந்த ஒருவர் நான்கு பேருக்காகப் பேசுகிறார் என்பதால் கடைசியில் அவர் பதிலை நான்கு மடங்காக எண்ணும்படி எடையும் போட வேண்டும்.

இன்னொன்று கேட்கிறேன். ஊரில் வழிகாட்ட மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் கூட வந்தாரா? 2021லிருந்து வீடு வீடாக மாத்திரை கொடுத்துவரும் திட்டம் அது. நல்ல மனசோடுதான் வருவார்கள். ஆனால் அவர் கால் தானாகவே மாத்திரை கொடுக்கும் வீட்டுப் பக்கம்தான் திரும்பும். அப்படி நடந்திருந்தால் உங்கள் 51 பேரில் பலர் அங்கிருந்து வந்தவர்களாக இருக்கலாம்.

இப்போது என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். பத்து ஊரை வசதிக்காக எடுத்ததைச் சரிசெய்ய வழியில்லை. ‘ஒன்றியத்தில்’ என்று எழுதிய இடமெல்லாம் ‘சுகாதார நிலையத்துக்கு அருகிலுள்ள பத்து ஊர்களில்’ என்று மாற்றுங்கள். வயது, ஆண் பெண் விகிதத்தை மக்கள்தொகைக் கணக்கோடு ஒட்டவைத்து எடை போட்டால் கொஞ்சம் சரியாகும். ஆனால் அதே 45 வயதில் மில்லுக்குப் போகிற ஆணும் வீட்டில் படுத்திருக்கிற ஆணும் ஒன்றல்ல என்பதை எடை சரிசெய்யாது.

பூட்டிய வீடுகளை மட்டும் இன்னும் மீட்கலாம். ஹான்சன், ஹுர்விட்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1946லேயே வழி சொல்லியிருக்கிறார்கள். எல்லாப் பூட்டிய வீட்டையும் துரத்த வேண்டியதில்லை, அவற்றில் ஒரு பங்கைக் குலுக்கி எடுத்து, விடாமல் துரத்தினால் போதும். 120 பூட்டு என்றால் மூன்றில் ஒன்றாக 40 வீடு. அங்கே 8 பேருக்கு அழுத்தம் இருந்தால், 120க்கு 24. திறந்த வீடுகளின் 95ஐக் கூட்டி 384 ஆல் வகுத்தால் 31 சதவீதம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். வலிக்கும், தெரியும். எந்தப் படிவம் முதல் வீடு, எந்தப் படிவம் மாற்று வீடு என்று நீங்கள் எங்காவது குறித்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். குறிக்கவில்லை என்றால் ‘வசதி மாதிரி’, அதாவது கைக்குக் கிடைத்தவர்களை எடுத்த மாதிரி, என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, பிழை எல்லையையே எடுத்துவிடுங்கள்.

மறுபடி போகும்போது இரண்டு பேர் அளந்தால், வீடுகளை ஊர்வாரியாகப் பிரிக்காமல் ஒவ்வோர் ஊரிலும் குலுக்கிப் பாதிப் பாதியாகக் கொடுங்கள். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கிட்டபோது கண்டுபிடித்த தந்திரம் இது. இருவரின் சராசரியும் தள்ளிப்போனால், அது ஊர் வித்தியாசம் அல்ல, அளந்த கையின் வித்தியாசம். ஆளை ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகு அழுத்தத்தை மூன்று முறை அளந்துகொள்ளுங்கள், முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதுங்கள். தடித்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அளவு ஏறிக்காட்டும். டிஜிட்டல் கருவியில் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாக விழ வேண்டும். 120, 130, 140 என்று பூஜ்யமாகவே குவிந்தால், யாரோ மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். உங்கள் பழைய 384ஐயும் இப்படி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

பத்து நாளில் போடும் ஆய்விதழுக்குப் பணம் கட்டாதீர்கள். பத்து நாளில் உங்கள் கட்டுரையை யாரும் படித்திருக்கமாட்டார்கள், விலைப் பட்டியலை மட்டும் அனுப்பியிருப்பார்கள். யு.ஜி.சி. 2022 விதிகளில் பி.எச்டி.க்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்பதையே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அந்த 18,000ஐ 40 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 450 ரூபாய். பெட்ரோலுக்கும் கூட வருபவரின் கூலிக்கும் தாராளமாகப் போதும். கிளம்பும் முன் நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த மனு கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த 40 பேரின் அளவையும் கட்டுரையில் சேர்க்க முடியாது.