கிரேட்சோர்டா, கிரேட்ஆக்ஸா? ஆயுத டேபிளை எப்படிப் படிப்பது

கேள்வி: புதிதாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பித்திருக்கிறோம் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை ஆடும் விளையாட்டு). நான் ஃபைட்டர், அதாவது போர்வீரன். எந்த ஆயுதம் அதிக டேமேஜ் தரும்? டேகர் என்ற கத்தி வெறும் 1டி4தான் (நாலு முகப் பகடை ஒன்று), அதை யார் எடுப்பார்கள்?

முதல் லெவல் ஃபைட்டருக்கு, ஷீல்டு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், கிரேட்சோர்ட் என்ற இருகை வாள். 2டி6, சராசரி 7. கிரேட்ஆக்ஸ் என்ற இருகைக் கோடாரி 1டி12, சராசரி 6.5. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ஆயுத டேபிளில் பகடை எழுதியிருக்கும் கட்டத்தை மட்டும் பார்த்து ஆயுதம் எடுத்தால் பாதி ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். டேமேஜ் எந்த வகை, கடைசிக் கட்டத்தில் என்னென்ன தன்மைகள் எழுதியிருக்கின்றன, இவைதான் ஆயுதத்தின் உண்மையான மதிப்பு. அதைத்தான் விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

பெரம்பூரில் ஒரு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் குழுவுக்கு நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவன். வியாசர்பாடி, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். நாங்கள் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. கீழே வரும் எண்கள் அதிலிருந்து.

முதலில் வாளா கோடாரியா என்பதை முடித்துவிடுவோம். டி12-ல் 1 விழவும் 12 விழவும் ஒரே வாய்ப்பு, பன்னிரண்டில் ஒன்று. 2டி6-ல் 12 விழ முப்பத்தாறில் ஒன்றுதான், ஆனால் 7-ஐ ஒட்டியே அடிக்கடி விழும். ஃபைட்டர் தேர்ந்தெடுக்கும் சண்டை முறைகளில் கிரேட் வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைல் எடுத்தால் 1, 2 விழுந்த பகடையை ஒருமுறை மறுபடி உருட்டலாம்; அப்போது வாளின் சராசரி 8.33 ஆகிறது, கோடாரிக்கு 7.33. எனவே ஃபைட்டருக்கு வாள். கோடாரி யாருக்கு என்றால், ஹாஃப்-ஆர்க் என்ற இனத்தவருக்கும் ஒன்பதாவது லெவலை எட்டிய பார்பேரியன் என்ற வீரர் வகைக்கும். கிரிட்டிகல் (அடிக்க உருட்டும் இருபது முகப் பகடையில் 20) விழும்போது அவர்களுக்கு ஆயுதப் பகடை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். வாளில் அது ஒரு டி6, கோடாரியில் முழு டி12.

சரி, இப்போது பகடை ஏன் அவ்வளவு முக்கியமில்லை என்று பாருங்கள். ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) 16 என்றால் எந்தக் கைச்சண்டை ஆயுதத்துக்கும் +3 சேரும். டேகர் 2.5 என்பது 5.5 ஆகிறது, கிரேட்சோர்ட் 7 என்பது 10 ஆகிறது. ஏறக்குறைய மூன்று மடங்காகத் தெரிந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்குள் வந்துவிட்டது. லாங்சோர்டை (1டி8) ஒரு கையில் பிடித்து டூயலிங் ஸ்டைல் எடுத்தால் பகடைக்கு 4.5, ஸ்டைலுக்கு 2, ஸ்ட்ரெங்துக்கு 3, ஆக 9.5. ஸ்டைல் எடுத்த கிரேட்சோர்டுக்கு 11.33. அடிக்கு இரண்டு புள்ளிகூட வித்தியாசமில்லை, ஆனால் மற்ற கையில் ஷீல்டு இருப்பதால் ஏசி (எதிரியின் அடி உங்கள் மேல் பட எட்ட வேண்டிய எண்) 2 கூடுகிறது. முன்வரிசையில் நின்று எல்லா அடியையும் வாங்கப்போவது நீங்கள்தான் என்றால் இதை யோசித்துப் பாருங்கள். ஐந்தாவது லெவலில் ஒரே முறையில் இரண்டு அடி கிடைக்கும். அப்போது பகடையும் அந்த +3, +4 எல்லாமும் இரண்டு முறை சேரும், அதனால் பகடையின் பங்கு கூடிவிடாது.

டேகருக்கு வருகிறேன். ஐந்தாவது லெவல் ரோக் (பதுங்கித் தாக்கும் வகைப் பாத்திரம்), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18, அதாவது +4. ரோக்குக்கே உரிய கூடுதல் டேமேஜான ஸ்னீக் அட்டாக் 3டி6 சேர்ந்தால் டேகருக்கு சராசரி 17, ரேப்பியர் என்ற மெல்லிய குத்துவாளுக்கு (1டி8) 19. இந்த இரண்டு புள்ளியை விட்டுக்கொடுத்தால் என்ன கிடைக்கிறது? டேகரை 20 அடி தூரம் வரை எறியலாம். ஒரு கைக்கு ஒன்று வைத்திருந்தால், முதல் வீச்சு தவறினாலும் போனஸ் ஆக்ஷனில் (அதே முறையில் கிடைக்கும் கூடுதல் செயல்) இரண்டாவது வீசி அதே ஸ்னீக் அட்டாக்கைப் பிடிக்கலாம். எங்கள் குழுவில் ரோக் ஆடும் தம்பி டேகரைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை, நானும் மாற்றச் சொன்னதில்லை.

இந்தப் பகடை வித்தியாசமே விளையாட்டு பிறந்தபோது கிடையாது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் எல்லா ஆயுதத்துக்கும் ஒரே டி6. கத்தியும் இருகை வாளும் சமம். 1975-ல் கிரேஹாக் என்ற துணைநூலில்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடை மாறியது. எனக்கு அந்தப் பழைய விதி மேல் மரியாதை உண்டு. சரியான இடத்தில் இறங்கினால் சின்னக் கத்தியும் ஆளைக் கொல்லும் என்ற உண்மை அதில் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் கேட்கும் இன்னொன்று: ஒரு கோடாரி வெட்டு வாங்கியவன் எப்படி எழுந்து சண்டை போடுகிறான்? ராயபுரத்தில் பாக்ஸிங் பழகும் ஒருவருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அடி பட்டால் குறையும் ஹிட் பாயின்ட் என்பது உடம்பு மட்டுமல்ல, மனவலிமை, உயிர் பிழைக்கும் வெறி, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. பாதி ஹிட் பாயின்ட் குறையும்வரை வெளியே காயமே தெரியாது என்பதும் அதில் உண்டு. ரிங்கில் ஒவ்வொரு ரவுண்டாக மூச்சு தீர்ந்துகொண்டே வருவது போலத்தான். கை தாழும், கால் கனக்கும், அப்புறம் ஒரே ஒரு குத்து சுத்தமாக விழும். அந்தக் கடைசி அடிதான் உண்மையான வெட்டு.

இப்போது டேமேஜ் வகை. வெட்டு, குத்து, மொத்து என்று மூன்று. எலும்புக்கூடு ஒன்று எதிரே வருகிறது என்று வையுங்கள். அதற்கு 13 ஹிட் பாயின்ட், மொத்து டேமேஜ் இரண்டு மடங்காக விழும். ஐந்து தங்கக் காசு மேஸ் (கதை போன்ற மொத்தும் ஆயுதம்), 1டி6+3. பகடையில் 4 விழுந்தாலே 7, இரட்டித்தால் 14, எலும்புக்கூடு காலி. அதாவது பட்ட அடிகளில் பாதி கொல்லும். கிரேட்சோர்ட் 2டி6+3-ல் 13 வர பகடை 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். ஆறில் ஒரு வாய்ப்பு. ஐம்பது தங்கக் காசு வாள் இங்கே ஐந்து காசு மேஸிடம் தோற்கிறது. ஆக்கர் ஜெல்லி என்று ஒரு ஜந்து உண்டு, அதை வாளால் வெட்டினால் இரண்டாகப் பிரிந்து இரண்டும் உங்கள் மேல் பாயும். வாள் மட்டுமே கொண்டு போன குழு அங்கே படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. இந்த விளையாட்டு ஆடும் யாரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கட்டாரியின் பிடியைப் பார்த்தாலே புரியும், முஷ்டி போகும் திசையிலேயே முனை போகிறது. முழுக்க முழுக்கக் குத்துவதற்கான ஆயுதம். எங்கள் ஆட்டத்தில் கட்டாரிக்கு ஷார்ட்சோர்டின் எண்களை அப்படியே தருகிறேன், 1டி6 குத்து, ஃபினெஸ் (ஸ்ட்ரெங்துக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டியைச் சேர்க்கலாம்), லைட் (கைக்கு ஒன்றாகப் பிடித்துச் சண்டை போடலாம்). அரிவாளுக்கு சிமிட்டர் என்ற வளைந்த வாள். சுருள்வாளுக்கு விப் என்ற சாட்டை: 1டி4 வெட்டு, பத்தடி ரீச் (எட்டும் தூரம்). பகடை சின்னதாக இருந்தாலும் அந்த ரீச்சுக்காகவே சுருள்வாளை விரும்பி எடுக்கிறார்கள். மான்கொம்புக்கு டேகர் போதும். நம் ஊர் ஆயுதத்தைக் கொண்டு வருவதற்குப் புது விதி எதுவும் எழுத வேண்டியதில்லை, சரியான வரியைத் தேடிப் பிடித்தால் போதும்.

கம்பு விஷயத்தில்தான் நிறைய யோசித்திருக்கிறேன். வியாசர்பாடியில் சிலம்பம் பழகும் ஒரு பையன் டேபிளைப் பார்த்துவிட்டு, "அண்ணா, கம்புக்கு ஏன் இவ்ளோ கம்மி?" என்று கேட்டான். குவார்ட்டர்ஸ்டாஃப் ஒரு கையில் 1டி6, இரண்டு கையில் 1டி8, ரீச் கிடையாது. ஆள் உயரக் கம்பைச் சுழற்றிப் பழகியவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும். அவனுக்கு நான் காட்டியது போல்ஆர்ம் மாஸ்டர் என்ற ஃபீட் (பாத்திரம் எடுத்துக்கொள்ளும் சிறப்புத் திறன்). கம்பின் ஒரு முனையால் அடித்த பிறகு மறுமுனையால் போனஸ் ஆக்ஷனில் 1டி4. எதிரி கம்பின் எல்லைக்குள் கால் வைக்கும்போதே ரியாக்ஷனில், அதாவது உங்கள் முறை வராமலே, ஒரு அடி. இரண்டு முனையும் வேலை செய்வதும், உள்ளே வரவிடாமல் தடுப்பதும் சிலம்பம் தெரிந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொத்து டேமேஜ் என்பதால் எலும்புக்கூட்டிடமும் செல்லும். நான் பகடையைக் கூட்டிக் கொடுத்திருந்தால் அவனுக்குக் கிடைத்திருப்பது வெறும் எண். இப்போது அவன் சண்டையை எப்படி நகர்த்துகிறான் என்பதே மாறிவிட்டது.

வில்லைப் பற்றிச் சுருக்கமாக: லாங்போ 1டி8, 150 அடி. ஹெவி கிராஸ்போ (குறுக்கு வில்) 1டி10, 100 அடி. ஆனால் கிராஸ்போவுக்கு லோடிங் (ஒவ்வொரு முறையும் அம்பை ஏற்ற நேரம் பிடிக்கும்) தன்மை இருப்பதால் அதற்கான ஃபீட் எடுக்காவிட்டால் ஐந்தாவது லெவலின் இரண்டாவது அடி போய்விடும். பெரிய பகடைக்காக யாரும் அதை எடுக்காதீர்கள்.

எடைக்கும் டேமேஜுக்கும் நேரடித் தொடர்பு தேடுபவர்கள் உண்டு. விதிப்புத்தகத்தில் லாங்சோர்ட் 3 பவுண்டு, ஏறக்குறைய 1.4 கிலோ, ஐரோப்பாவின் உண்மையான வாள்களும் அந்த அளவுதான். பத்து கிலோ வாள் என்பதெல்லாம் கதை. அங்கே தகட்டுக் கவசம் பரவியபோது வெட்டும் வாள் அதன் மேல் வழுக்கியது, அதனால்தான் போர்ச் சுத்தியலும் கூர்முனை ஆயுதங்களும் முக்கியமாயின. 1978-ல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பின் கையேட்டில் எந்தக் கவசத்துக்கு எந்த ஆயுதம் எவ்வளவு எடுபடும் என்று ஒரு பெரிய அட்டவணையே இருந்தது. இன்றைய விதியில் அது இல்லை. ஆட்டம் வேகமாகப் போவதற்கு அது நல்லதுதான்.

ஆகவே உங்கள் ஃபைட்டருக்கு: கையில் கிரேட்சோர்ட், இடுப்பில் ஒரு மேஸ், முதுகில் நாலைந்து ஜாவலின் என்ற எறி ஈட்டி. ஜாவலின் 1டி6, 30 அடி வரை எறியலாம், ஸ்ட்ரெங்த் சேரும். பறக்கும் எதிரி வந்தால் அதுதான் உங்களுக்கு ஒரே வழி. வாங்கும் முன் உங்கள் டிஎம்மிடம் எந்தப் பதிப்பு என்று கேட்டுவிடுங்கள். 2024 விதிகளில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் மாஸ்டரி என்று ஒரு தனித் தன்மை சேர்ந்திருக்கிறது. கிரேட்சோர்டுக்கு கிரேஸ், குறி தவறினாலும் உங்கள் ஸ்ட்ரெங்த் தரும் அந்த +3 அளவு டேமேஜ் விழும். கிரேட்ஆக்ஸுக்கு கிளீவ், பக்கத்தில் நிற்கும் இன்னொருவனையும் அடிக்கலாம். குவார்ட்டர்ஸ்டாஃபுக்கு டாப்பிள், எதிரியைக் கீழே விழவைக்கலாம். அந்தப் பதிப்பில் ஆடுவதாக இருந்தால் வாளா கோடாரியா என்பதை அரைப் புள்ளியை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் டிஎம் ஒரே பெரிய எதிரியைக் கொண்டுவருபவரா, கும்பலாகக் கொண்டுவருபவரா என்று பார்த்து எடுங்கள்.