ஊசியை விட்ட பிறகுதான் மாத்திரையா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. ஊசிப் போதைப் பழக்கம் இருப்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. போன மாதம் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னார்கள். "முதல்ல ஊசியை விடுறேன், அப்புறம் மாத்திரை" என்கிறான். வற்புறுத்தினால் கத்துகிறான். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: தங்கச்சி, உங்கள் தம்பி சொல்வதை அப்படியே நானும் சொன்னவன். எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது 2011-இல் தெரிந்தது. "மனுஷனாகிட்டு டாக்டர் முன்னால நிக்கிறேன்" என்று எட்டு மாதம் ஓட்டினேன். உள்ளே இருந்தது வெறும் வெட்கம். அதற்கு முன் ஒரு தனியார் கிளினிக்கில் என் கையைப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால் "ஊசி கேஸா?" என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வி காதிலேயே நின்றுவிட்டது.

என்னை இழுத்துப் போனது டாக்டரும் இல்லை, வீட்டாரும் இல்லை. ஊசியை விட்டு இரண்டு வருஷமான ஒரு அண்ணன். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பாவை வைத்தார். லேபிளைக் கிழித்திருந்தார், குலுக்கினால் சத்தம் வரக்கூடாதென்று உள்ளே பஞ்சு. "என்னோடதுதான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த திங்கட்கிழமை, எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மைய வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். இரண்டு தடவை போதையோடு போனேன். திட்டவில்லை, திண்ணையில் உட்காரவைத்தார். இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன். நடுவில் ஒருமுறை சறுக்கியும் இருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பியிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஊசியை விடுவதும் மாத்திரை தொடங்குவதும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியதில்லை. என் காலத்தில் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை இறங்கினால்தான் மருந்து. 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும் உடனே இலவசமாகத் தொடங்குகிறார்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. குடித்த ராத்திரியிலும் போட வேண்டும். "இன்னைக்குப் போதை, மாத்திரை வேண்டாம்" என்று விடுவதில்தான் ஆபத்து. தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. ஊசிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. யாரோடும் ஊசி பகிரவே கூடாது. மஞ்சள் காமாலை சி (ஹெபடைடிஸ் சி) பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள், ஊசி போட்டவர்களுக்கு அது முக்கியம்.

அவர் போடுவது அபின் வகை மருந்தானால், நாக்குக்கு அடியில் வைக்கும் பூப்ரினார்பின் என்ற மாற்று மருந்தும் அரசுத் திட்டத்தில் உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்காது. எங்கே என்று 1097-இல் கேளுங்கள், கட்டணமில்லாத எச்.ஐ.வி. உதவி எண். நம்பிக்கை மைய ஆலோசகரிடம், "இதே பழக்கத்திலிருந்து வந்த ஒருத்தர் இருக்காரா?" என்றும் கேளுங்கள். ஆனால் தம்பி சம்மதிக்காமல் அவர் விஷயத்தை யாரிடமும் திறக்காதீர்கள், மாமாவிடம்கூட. 2017 எச்.ஐ.வி. சட்டம் அந்த ரகசியத்தை அவருடைய உரிமையாக வைத்திருக்கிறது. வருகிறவர் பிரசங்கம் செய்கிற ஆளாக இருந்தால் வேறு ஆள் கேளுங்கள், தப்பில்லை. எங்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருந்தால் இன்றே சேர்த்துவிடுங்கள். அதை அவர் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

நீங்கள் கூடப் போவதானால், மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வாருங்கள். முதல் நாள் பதிவு, ரத்தம், ஆலோசனை என்று மத்தியானம் ஆகிவிடும். தம்பியைச் சாப்பிடாமல் கூட்டி வராதீர்கள். பசியில்தான் எழுந்து ஓடத் தோன்றும்.