‘செலவே இல்லை’ என்கிறான் மகன்: வீட்டில் கேம் சர்வர் வைக்கலாமா?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். நண்பர்களோடு மைன்கிராஃப்ட் விளையாட, வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே சர்வர் போட்டுக்கொள்கிறேன், செலவே இல்லை என்கிறான். ஆனால் நாள் முழுக்க ஓட வேண்டுமாம். உண்மையிலேயே செலவு இல்லையா? ஏதாவது ஆபத்து உண்டா? (வாசகி, ஈரோடு)

பதில்: பையன் பொய் சொல்லவில்லை. சர்வர் என்பது நண்பர்கள் எல்லாரும் வந்து சேரும் விளையாட்டு உலகத்தை நடத்தும் கம்ப்யூட்டர். அதற்கான மென்பொருளை, மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் இலவசமாகத்தான் தருகிறது. பணம் போகிற இடம் மின்வாரிய அட்டை.

பழைய டெஸ்க்டாப் சுமார் 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். இது பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கணக்குப் போடும் அட்டவணையே மாறிவிடும். 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை கையை விட்டுப் போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 380 யூனிட்டுக்கு 1,035 ரூபாய். அதோடு இந்த 144ஐச் சேர்த்து 524 ஆக்கினால் 2,142 ரூபாய். அதன்பிறகு கட்டணம் ஏறியிருக்கிறது, ஆனால் 500ஐத் தாண்டினால் விழும் அடி இன்றும் அதே மாதிரிதான். உங்கள் பில் எப்போதும் 250 பக்கம்தான் என்றால் இவ்வளவு பயப்பட வேண்டாம். 400ஐ ஒட்டி இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ராத்திரி மூன்று மணிக்கு எதற்குச் சர்வர்? மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை மட்டும் ஓடட்டும். இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்டோடு முடிந்துவிடும்.

இனி ஆபத்து. வெளியில் இருக்கும் நண்பர்கள் உள்ளே வர, ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுவான். கம்ப்யூட்டரில் விளையாடும் மைன்கிராஃப்ட் ‘ஜாவா’ பதிப்புக்கு வழக்கமாக அதன் எண் 25565. வீட்டு வாசலில் இன்னொரு கதவு வைக்கிற மாதிரி இது. ‘யாருக்கு நம் முகவரி தெரியும்?’ என்று கேட்பான். தெரிய வேண்டியதே இல்லை. ஐபி முகவரி என்பது இணைய இணைப்புக்கான எண் முகவரி. அதில் பழைய பாணியான ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும், வேகமான இணைப்பு இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கிற கருவிகள் 2013லிருந்தே இருக்கின்றன. திறந்து கிடக்கும் மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தேடுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கும்பல்களும் உண்டு. போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் தட்டுகிறவர்கள் கொஞ்சம் குறைவார்கள், அவ்வளவுதான்.

அவனிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நண்பர்கள் எல்லாரும் காசு கொடுத்து வாங்கிய கேமா, ‘கிராக்’ போட்டதா? கிராக் என்றால் அவர்களை உள்ளே விட, சர்வர் அமைப்புக் கோப்பில் ‘ஆன்லைன்-மோட்’ என்ற வரியை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றுவார்கள். அப்படி மாற்றினால் வருகிறவர் யாரென்று சர்வர் சரிபார்க்காது. யார் வேண்டுமானாலும் உங்கள் மகன் பெயரைத் தட்டச்சு செய்து, நிர்வாகி அதிகாரத்தோடு உள்ளே வந்துவிடலாம். ‘ஒயிட்லிஸ்ட் (அனுமதித்தவர்கள் பட்டியல்) போட்டிருக்கிறேன்’ என்பான். அந்த நிலையில் அதுவும் வெறும் பெயர்ப் பட்டியல்தான், பெயரைத் தெரிந்தவன் உள்ளே வந்துவிடுவான். கிராக் கேமுக்காக இந்த வரியை மாற்றுவதாக இருந்தால், போர்ட்டைத் திறக்கவே விடாதீர்கள்.

விளையாட்டில் கட்டிய வீட்டை எவனோ இடிப்பது ஒரு நாள் அழுகை. கம்ப்யூட்டருக்குள்ளேயே புகுந்தால் விஷயம் வேறு. 2021 டிசம்பரில் ‘லாக்4ஷெல்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, மைன்கிராஃப்ட் அரட்டையில் ஒரு வரியைத் தட்டினாலே சர்வர் இயந்திரத்தைக் கைப்பற்ற முடிந்தது. 1.18.1 பதிப்பில் அடைத்தார்கள். 2023 ஜூனில் பெயர்பெற்ற ‘மாட்’ (கேமில் கூடுதல் வசதி சேர்க்கும் கோப்பு) தளங்களிலேயே சில கோப்புகளில் கடவுச்சொல் திருடும் நிரல் ஒளிந்திருந்தது. ஆகவே அந்தப் பழைய கம்ப்யூட்டரில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைக்கணக்கு, ஜிஎஸ்டி கடவுச்சொல், வங்கி லாகின் எது இருந்தாலும் அதில் சர்வர் வேண்டாம்.

இன்னொன்று: சர்வரில் சேருகிற ஒவ்வொருவருக்கும் உங்கள் வீட்டு ஐபி தெரியும். சண்டை வந்தால் அதைக் குறிவைத்து டிராஃபிக்கைக் கொட்டி இணைப்பையே முடக்கலாம். 2016ல் இணையத்தையே ஆட்டிய ‘மிராய்’ தாக்குதல் நிரலை உருவாக்கிய இளைஞர்கள் மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தாக்கும் தொழிலில் இருந்தவர்கள்தாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் இருந்தால் அவருக்கும் சேர்த்துத்தான் இணையம் போகும்.

என் யோசனை: ஐந்தாறு நண்பர்கள்தான் என்றால் போர்ட்டே திறக்க வேண்டாம். நீங்கள் அனுமதிக்கும் கருவிகளை மட்டும் இணையம் வழியாக இணைக்கும், டெயில்ஸ்கேல் மாதிரி தனிவலை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சர்வர் கம்ப்யூட்டரை மட்டும் நண்பர்களின் கணக்குகளுக்குப் பகிரலாம், வீட்டிலுள்ள மற்ற கருவிகள் அவர்கள் கண்ணில் படாது. கணக்கை நீங்கள் உங்கள் பெயரில் தொடங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன் நண்பர்கள் எதில் விளையாடுகிறார்கள் என்று கேளுங்கள். செல்போனில் இருப்பது ‘பெட்ராக்’ பதிப்பு. அது ஜாவா சர்வரில் நேரடியாகச் சேராது. பாதிப் பேர் போனில் என்றால், எல்லாரும் பெட்ராக்கிலேயே விளையாடுவதாக வைத்துக்கொண்டு, பத்து நண்பர்கள் வரை சேரக்கூடிய ‘ரெல்ம்ஸ் பிளஸ்’ என்ற மைன்கிராஃப்டின் சொந்தச் சர்வர் சந்தாவே மேல். அமெரிக்காவில் மாதம் 7.99 டாலர். இங்கே எவ்வளவு என்று கட்டுமுன் கேமுக்குள்ளேயே பாருங்கள். வைத்திருப்பவர் மட்டும் கட்டினால் போதும். அந்தத் தொகையை உங்கள் கரண்ட் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: புது ஃபைபர் இணைப்பு விற்கும்போது ‘கேம் சர்வர் தாராளமாகப் போடலாம்’ என்றார் விற்பனையாளர். போர்ட் எல்லாம் திறந்தும் யாரும் உள்ளே வர முடியவில்லை. இப்போது ஸ்டாட்டிக் ஐபிக்கு (நம் இணைப்புக்கென்றே மாறாத தனிப் பொது முகவரி) மாதாமாதம் தனிப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP) என்று இருப்பதைப் பாருங்கள். அது 100.64லிருந்து 100.127க்குள் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிப் பஞ்சத்தால் வந்த வழக்கம் இது. அங்கே நீங்கள் திறக்கும் போர்ட் உங்கள் வீட்டு ரவுட்டரோடு நின்றுவிடும், வெளியிலிருந்து வருகிறவர் நிறுவனத்தின் வாசலிலேயே மோதித் திரும்புவார். ரவுட்டரை மாற்றினாலும் பயனில்லை, கடைக்காரர் பேச்சைக் கேட்டு ‘கேமிங் ரவுட்டர்’ வாங்கிவிடாதீர்கள்.

இப்படிப் பங்கிடுவது குற்றமில்லை. முடியும் என்று சொல்லி விற்றதுதான் தவறு. அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். சரிவராவிட்டால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் சொல்லிவிட்டது. வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், உண்மையைச் சொல்கிறேன், நிரூபிப்பது கஷ்டம்.

ஸ்டாட்டிக் ஐபி கட்டுவதற்கு முன் உங்கள் திட்டத்தின் நிபந்தனைகளையும் ஒருமுறை படியுங்கள். வீட்டு இணைப்பில் சர்வர் நடத்தக் கூடாது என்ற வரி அதில் இருந்தால், பணமும் கட்டி இணைப்பையும் இழக்கும் நிலை வரலாம். மேலே சொன்ன தனிவலை வழி இந்தத் தடையைத் தாண்டியும் வேலை செய்யும் என்பதால், நண்பர்களோடு மட்டும் விளையாட மாதக் கட்டணம் வீண்தான்.

கேள்வி: லேப்டாப்பை 24 மணி நேரமும் சர்வராக ஓட்டலாமா? அடிக்கடி கரண்ட் போகிறது. (வாசகர், மதுரை)

பதில்: கரண்ட் கட்டைத் தாங்க லேப்டாப் நல்லதுதான், டெஸ்க்டாப்பை விட மின்சாரமும் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் எப்போதும் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி உப்பக்கூடும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா, அன்றோடு நிறுத்துங்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல லேப்டாப்புகளில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும். கட்டியதெல்லாம் சேமித்திருக்கும் ‘வேர்ல்ட்’ ஃபோல்டரை, சர்வரை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

கேள்வி: கல்லூரியில் முப்பது பேர் என் வீட்டுச் சர்வரில் விளையாடுகிறோம். ‘ரேங்க்’ (சர்வரில் சலுகை தரும் தகுதி) விற்றுச் செலவை எடுக்கலாமா? (மாணவர், சேலம்)

பதில்: சேர நுழைவுக் கட்டணம் வாங்கலாம், தொப்பி, நிறம் மாதிரி அலங்காரங்களை விற்கலாம். காசு கொடுத்தவனுக்கு வைர வாள், பறக்கும் சக்தி என்று ஆட்டத்தில் முன்னுரிமை விற்க மொஜாங் விதிகளில் இடமில்லை, 2014லிருந்தே இதைக் கறாராகச் சொல்கிறார்கள். பணம் வாங்கத் தொடங்கினால் ‘நேற்று சர்வர் ஓடவில்லை, காசைக் கொடு’ என்று கேட்பவர்களும் வருவார்கள். முப்பது பேர் என்றால் வீட்டு இணைப்பை விட்டுவிட்டு, தாக்குதல் தடுப்போடு வாடகைச் சர்வர் எடுங்கள், சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் டேட்டா சென்டராகப் பார்த்து. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருவார்கள். ஆனால் செமஸ்டர் தேர்வு வந்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள் என்பதால் மாதாமாதம் கட்டுவதே நல்லது.