எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு மறுபடி எடை ஏறுகிறது. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில், “இவ்வளவு செலவு பண்ணியும் இப்படியா?” என்ற பேச்சை நிறுத்துங்கள். மூன்று வருடத்தில், குறைந்த 30 கிலோவில் 9 திரும்பிவிட்டது என்கிறீர்கள். இது பலருக்கும் நடப்பதுதான். ஸ்வீடனில் பல வருடம் தொடர்ந்த பெரிய ஆய்வில், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்களுக்கே முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் குறைந்த எடை, பத்தாவது வருடத்தில் 25 சதவீதக் குறைவாக நின்றது. கொஞ்சம் ஏறியது, ஆனால் ஆபரேஷன் வீணாகவில்லை.

காரைக்குடியில் இருக்கும் என் உடன்பிறந்த ஆச்சிக்கும் (அக்காவுக்கும்) இதே கதை. வீடே மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கண்காணித்தது. அதில் இருந்ததோ நாலு கரண்டி சோறு. எடை ஏறியது இடைப்பலகாரத்தில். ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுவதால் ரெண்டு துண்டு கோழிக்கறியே நெஞ்சை அடைக்கும். மனகோலமும் தேன்குழலும் அப்படியில்லை, வாயிலேயே பொடிந்து காபியோடு இறங்கிவிடும். வயிறு நிறைந்ததே தெரியாது. பால் பணியாரத்தைக் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் முடிந்தால் பத்து நாளைக்கு வீட்டில் பலகாரம் கிடக்கும், போகும்போதும் வரும்போதும் ஒரு கை.

பலகாரச் சம்படத்தை ஒளித்து வைக்காதீர்கள், அம்மா சின்னப்பிள்ளை இல்லை. பலகாரம் வந்த அன்றே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் எல்லாருமே சுண்டலோ அவித்த முட்டையோ சாப்பிடுங்கள். தட்டில் முதலில் புரதம், சோறு பிறகு. தண்ணீரும் காபியும் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து.

இதைவிட முக்கியம், அவரை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போவது. எடை ஏறியவர்கள் வெட்கப்பட்டே ரிவ்யூவுக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். பி12, இரும்புச்சத்து மாத்திரைகளும் அதோடு நின்றுபோகும். தைராய்டு பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனச்சோர்வு மாத்திரைகளும் எடையை ஏற்றும். இரைப்பை விரிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் போன்ற ஊசியோ, ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதோ உண்டு. அதை டாக்டர் முடிவு செய்யட்டும், யாரோ சொன்னார்கள் என்று கடையில் ஊசி வாங்கிப் போடாதீர்கள்.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துப்போங்கள். உள்ளே அம்மாவே பேசட்டும். ராத்திரியில் தனியாக எழுந்து சாப்பிடுகிறார் என்றால், அதை உங்கள் முன்னால் சொல்லத் தயங்குவார். அந்த நேரம் நீங்கள் வெளியே உட்காருங்கள்.