குளிர்காலம் வந்தாலே காலையில் படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. ஜன்னலை மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். முதலில் கண்ணாடியை விரலால் தேய்த்து, ஈரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

எந்தப் பக்கம் துடைத்தாலும் போகவில்லை என்றால், ஈரம் இரட்டைக் கண்ணாடியின் நடுவில் இருக்கிறது. விளிம்பு சீல் போய்விட்டது. ஃபிரேம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும். வெளிப்பக்க ஈரம் என்றால் விட்டுவிடுங்கள். வெப்பம் கடத்தாத நல்ல கண்ணாடியில் விடியற்காலையில் வெளியே பனி படிவது சகஜம், வெயில் ஏறினால் போய்விடும்.

உங்களுக்கு உள்பக்கமாகத்தான் இருக்கும். அப்படியானால் தண்ணீர் வெளியிலிருந்து கசியவில்லை, அறைக்குள் இருக்கும் நீராவிதான் குளிர்ந்து படிகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே உள்ள எதன்மேலும் நீர் படியும். வெளியே 0 டிகிரி இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அப்புறம் வழியாமல் என்ன செய்யும்?

இவ்வளவு நீராவி எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் நம்மிடமிருந்துதான். இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு இரவு முழுக்கத் தூங்கினால், மூச்சிலும் வியர்வையிலுமே ஏறக்குறைய அரை லிட்டர் காற்றில் கலக்கும். துவைத்த துணியை அறைக்குள் காயப்போட்டால் அதிலிருந்து லிட்டர் கணக்கில் வரும். பலரும் யோசிக்காத ஒன்று கேஸ். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. அதனால் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் அறையைச் சூடாக்கும்போதே நனைக்கவும் செய்கிறது. (அதன் புகை வேறு உள்ளேயே தங்கும். தூங்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம்.)

எனவே முதல் வேலை காற்றை மாற்றுவது. காலையில் எதிரெதிர் ஜன்னல்களை அகலமாகத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். மழை பெய்கிறதே, ஈரம் உள்ளே வராதா என்று கேட்பார்கள். குளிர்காலத்தில் வராது. வெளியே 0 டிகிரியில் காற்று முழுக்க ஈரமாகவே இருந்தாலும், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். புழுக்கமான பருவத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் கருவிதான்.

சமைக்கும்போது மூடி, குளித்த பிறகும் கொஞ்ச நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். திரைச்சீலையைக் கவனியுங்கள். கனமான திரை அறையின் சூட்டைக் கண்ணாடிக்குப் போகவிடாது, ஆனால் நீராவி பின்னால் புகுந்துவிடும். எழுந்ததும் திரையை ஒதுக்குங்கள். கண்ணாடியைத் துடைத்த துணியை அதே அறையில் காயப்போடாதீர்கள், அந்தத் தண்ணீர் மறுபடி கண்ணாடிக்கே வரும். ஈரம் உறிஞ்சும் சின்ன டப்பாக்கள் அலமாரிக்குச் சரி, ஓர் அறைக்கு அவை எந்த மூலைக்கு?

ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. அது 50 சதவீதத்துக்குக் கீழே காட்டியும் கண்ணாடி வழிகிறது என்றால் குறை கண்ணாடியில்தான். அப்போது லோ-ஈ பூச்சுள்ள (அறையின் வெப்பத்தை உள்ளேயே திருப்பிவிடும் மெல்லிய பூச்சு) இரட்டைக் கண்ணாடிக்குச் செலவழிக்கலாம். அதன் உள்பக்கம் அதே குளிரில் 16, 17 டிகிரி வரை நிற்கும். ஆனால் காற்று புகவே முடியாதபடி இறுக்கமாகப் போட்டுவிட்டு ஜன்னலையும் திறக்காமல் இருந்தால், கண்ணாடி காய்ந்திருக்கும், பூஞ்சை அலமாரிக்குப் பின்னால் சுவர் மூலையில் வந்து உட்காரும். புது ஜன்னல் போடுவதாக இருந்தால் மேலே காற்றுத் துவாரம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.