ஃப்ளோரிடா கடற்கரையில் தூண்டில்: வெளியூர்க்காரருக்கு உரிமம் தேவையா?

கேள்வி: அமெரிக்காவின் டாம்பா நகரில் வசிக்கும் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கவிருக்கிறேன். எனக்கு வயது 68. கடற்கரை ஊரில் பிறந்தவன் என்பதால் தூண்டிலும் வீச்சுவலையும் சிறு வயதிலிருந்தே பழக்கம். ஃப்ளோரிடாவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை என்றும், கரையில் நின்று பிடிப்பதற்குக் கட்டணமே கிடையாது என்றும் மகன் சொல்கிறான். அதை நம்பிப் போகலாமா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: உங்கள் மகன் சொன்ன இரண்டும் உண்மைதான். ஆனால், இரண்டும் அந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரிய சலுகைகள். ஃப்ளோரிடா முகவரியுடன் கூடிய ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ வைத்திருந்து, அதையே தமது ஒரே குடியிருப்பு மாநிலமாக அறிவித்திருப்பவரைத்தான் மாநில மீன்வள, வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் குடியிருப்பாளராகக் கருதுகிறது. அத்தகையவர் 65 வயதைக் கடந்திருந்தால் உரிமம் தேவையில்லை. வயது குறைந்தவராக இருந்தாலும், கரையிலிருந்து மட்டும் மீன் பிடிப்பதற்கான உரிமத்தைக் கட்டணமின்றிப் பெறலாம். சுற்றுலா விசாவில் செல்லும் நீங்கள், மகனுக்கு அங்கே சொந்த வீடே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளியூர்க்காரர்தான். உங்களுக்கு 68 வயதானாலும் 88 வயதானாலும், கரையில் நின்றாலும் படகில் ஏறினாலும், உரிமம் எடுத்தே ஆக வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துச் செல்லும் நம்மவர்கள் பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

வெளியூர்க்காரருக்கான கடல்மீன் உரிமம் மூன்று நாளுக்கு 17 டாலர், ஏழு நாளுக்கு 30 டாலர், ஓராண்டுக்கு 47 டாலர் என மூன்று வகையாக உள்ளது. ஏழு நாள் உரிமத்தை இரு முறை வாங்கினாலே 60 டாலர் ஆகிவிடும் என்பதால், மூன்று மாதம் தங்கும் நீங்கள் யோசிக்காமல் ஆண்டு உரிமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால் சிறிய சேவைக் கட்டணம் கூடுதலாக வரும். தூண்டிலும் இரையும் விற்கும் கடைகளிலும், மாவட்ட வரி வசூல் அலுவலகங்களிலும் நேரில் பெறலாம். இது கடலுக்கும் கடல்நீர் ஏறும் காயல்களுக்கும் மட்டுமே செல்லும். ஏரிகளில் தூண்டில் போட விரும்பினால் நன்னீர் உரிமத்தைத் தனியாக எடுக்க வேண்டும்.

இதைத் தண்டச் செலவாக எண்ண வேண்டாம். தூண்டில் கருவிகள் மீது அமெரிக்க மத்திய அரசு வசூலிக்கும் வரி, 1950ஆம் ஆண்டின் டிங்கெல்–ஜான்சன் சட்டப்படி, மீன்வளத்தைப் பேணுவதற்காக மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அந்தப் பகிர்வில் 60 சதவீதம் ஒவ்வொரு மாநிலத்திலும் உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும், மீதி மாநிலத்தின் பரப்பைப் பொறுத்தும் அமைகிறது. எனவே உரிமம் வாங்காமல் ஒளிந்து பிடிப்பவர், தாம் மீன் எடுக்கும் அதே கடலுக்குச் சேர வேண்டிய பங்கையும் குறைத்துவிடுகிறார்.

கேள்வி: குடும்பத்தில் ஒருவர் உரிமம் வைத்திருந்தால் போதாதா? மனைவியும் பத்து வயதுப் பேரனும் சிறிது நேரம் தூண்டிலைப் பிடித்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். மீனைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவோம்.
— திருச்செந்தூர் வாசகர்

பதில்: உரிமம் ஆளுக்கு உரியது, தூண்டிலுக்கோ குடும்பத்துக்கோ உரியதன்று. மீனைப் பிடிக்க முயல்வதையும் பிடிப்பதாகவே ஃப்ளோரிடா சட்டம் கொள்வதால், மீன் சிக்காவிட்டாலும், சிக்கியதை விட்டுவிட்டாலும் விதி மாறாது. பேரனுக்குக் கவலையில்லை, 16 வயது நிரம்பாதவர்கள் எந்த ஊராராக இருந்தாலும் உரிமம் வேண்டியதில்லை. உங்கள் மனைவி அருகில் அமர்ந்து வேடிக்கை பார்க்கலாம். தூண்டிலைக் கையில் வாங்கி வீசினால் அவருக்கும் உரிமம் வேண்டும்.

கேள்வி: உரிமம் எடுக்காமலே முறைப்படி மீன் பிடிக்க வழி உண்டா?
— சென்னை வாசகர்

பதில்: இரண்டு வழிகள் உண்டு. வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் மீன்பிடிப் படகின் உரிமையாளர் அதற்கான படகு உரிமத்தை வைத்திருந்தால், அதில் பயணம் செய்வோர் தனித்தனியே உரிமம் எடுக்க வேண்டியதில்லை. பணம் கட்டுவதற்கு முன் அந்த உரிமம் நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு. மற்றொன்று, தனக்கென உரிமம் பெற்றுள்ள மீன்பிடிப் பாலங்கள். டாம்பா விரிகுடாவின் வாயிலில் உள்ள ஸ்கைவே மீன்பிடிப் பாலம் அவற்றில் புகழ்பெற்றது. 1980 மே மாதம் ஒரு சரக்குக் கப்பல் மோதியதில் பழைய சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் ஒரு பகுதி இடிந்து 35 பேர் இறந்தார்கள். புதிய பாலம் 1987இல் திறக்கப்பட்ட பிறகு, பழைய பாலத்தின் எஞ்சிய பகுதிகள் தூண்டில்காரர்களுக்கு விடப்பட்டன. நுழைவுக் கட்டணம் செலுத்தினால் அங்கே தனி உரிமம் வேண்டாம்.

ஆனால் அங்கே கூழைக்கடாக்களுக்காக வகுக்கப்பட்ட சில விதிகள் உள்ளன. இரையைக் கண்டு பாய்ந்து வரும் இப்பறவைகள் தூண்டில் முள்ளிலும் நரம்பிலும் சிக்கிச் சாவது தொடர்ந்ததால், 2023 முதல் ஒருவர் இரண்டு தூண்டில்களுக்கு மேல் போடக் கூடாது என்றும், ஆண்டுக்கொரு முறை ஒரு சிறு பாடத்தை முடித்திருக்க வேண்டும் என்றும் ஆணையம் விதித்துள்ளது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை மும்முனை முள்ளும் பல முள் கட்டிய நரம்பும் கூடாது. எவ்வளவு கவனமாக இருந்தும் பறவை சிக்கிக்கொண்டால், பதறிப்போய் நரம்பை அறுத்துவிடாதீர்கள். அறுந்த நரம்போடு பறந்து செல்லும் பறவை, கூட்டுக்கருகில் மரக்கிளையில் மாட்டித் தலைகீழாகத் தொங்கி இறக்க நேரிடும். மெதுவாகச் சுருட்டி அருகே கொண்டுவந்து, துணியால் தலையை மூடினால் பறவை அடங்கும். பிறகு முள்ளின் எதிர்க்கொக்கியை வெட்டி எடுத்துவிட்டு, முள்ளை வந்த வழியே உருவுங்கள்.

கேள்வி: உரிமம் எடுத்தபின் கிடைத்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரலாம் அல்லவா? வீச்சுவலையை இங்கிருந்தே எடுத்துச் செல்லலாமா?
— தூத்துக்குடி வாசகர்

பதில்: வலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரிடா மக்கள் 1994இல் வாக்களித்து மாநில அரசியல் சாசனத்திலேயே செவுள் வலைகளுக்குத் தடை விதித்தார்கள். அத்தடை 1995 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. மீனின் செவுளில் மாட்டிக்கொள்ளும் எந்த வலையும் அங்கே ஆகாது. வீச்சுவலைக்கு இடமுண்டு, அதன் வலைப்பரப்பு 500 சதுர அடியைத் தாண்டக் கூடாது. அதை வீசுவதற்கும் அதே கடல்மீன் உரிமம் வேண்டும்.

மீன்களைப் பொறுத்தவரை, நமக்குப் பழக்கமில்லாத ஒரு விதி அங்கே உண்டு: சிறியதும் கூடாது, பெரியதும் கூடாது, இடைப்பட்டதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஸ்னூக் என்ற மீனைப் பாருங்கள். நம் கொடுவாவைப் போலத் தோற்றமும் சுவையும் உடைய இம்மீன், கொடுவாவைப் போலவே ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறுவது. ஆகவே பெரிய மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடும் தாய்கள். அதனால்தான் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 28 முதல் 33 அங்குலம் வரை உள்ள ஸ்னூக்கை மட்டும் ஆளுக்கு ஒன்று என வைத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். அதையும் இனப்பெருக்கக் காலங்களில் பிடித்து வைக்கக் கூடாது. வைத்துக்கொள்ள 10 டாலருக்குத் தனி அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். செம்மீன் என்று பொருள்படும் ரெட்ஃபிஷுக்கு 18 முதல் 27 அங்குலம். அளக்கும்போது மீனைச் சமதளத்தில் கிடத்தி, வாயை மூடி, வாலின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து முழு நீளத்தைப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் கூடியிருந்தாலும் விட்டுவிடுவதே முறை.

கரை சேரும் முன் இம்மீன்களின் தலையையோ வாலையோ வெட்டக் கூடாது; அளவைச் சரிபார்க்க அதிகாரிக்கு முழு மீன் வேண்டும். சிங்கி இறாலுக்கு 5 டாலரில் வேறொரு சீட்டு உண்டு. கரையிலிருந்து சுறா பிடிக்க விரும்பினால், இணையப் பாடம் ஒன்றை முடித்து இலவச அனுமதி பெற வேண்டும். ராணிச் சங்கை உயிரோடு எடுக்கவே கூடாது. பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை, அது எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், யாருக்கும் விற்பது குற்றம்.

கேள்வி: உரிமமே வேண்டாத நாள்கள் சில உண்டு என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— புதுச்சேரி வாசகர்

பதில்: உண்மை. ஜூன் மாதத்தின் முதல் சனியும் ஞாயிறும், செப்டம்பரின் முதல் சனி, நவம்பரின் நான்காம் வியாழனன்று அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றியறிதல் நாளை அடுத்து வரும் சனி ஆகிய நான்கு நாள்களில் வெளியூர்க்காரரும் உரிமமின்றிக் கடலில் தூண்டில் போடலாம். மீனின் அளவு, எண்ணிக்கை, பருவத் தடை ஆகியவை அந்நாள்களிலும் அப்படியே பொருந்தும்.