ஹியூகெரா வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: முதல் தடவையாக ஹியூகெரா (வண்ண இலைக்காக வளர்க்கும் பல்லாண்டுச் செடி) வைக்கப்போகிறேன். வெயிலா, நிழலா? மண்கலவை எப்படி இருக்க வேண்டும்?

காலையில் மூன்று, நான்கு மணி நேர வெயில், உச்சிவேளையில் நிழல். பெரும்பாலான ரகங்களுக்கு இது ஒத்துப்போகும். அதற்கு மேல் இலையின் நிறத்தைப் பார்த்து இடம் ஒதுக்குங்கள். கருஞ்சிவப்பு, ஊதா இலைகளில் ஆந்தோசயனின் நிறமி அதிகம். அவை ஓரளவு வெயிலைத் தாங்கும். அடர்நிழலில் வைத்தால் பச்சை ஏறி நிறம் மங்கிவிடும். எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு சாயல் இலைகள் நேர்மாறு: மதிய வெயில் பட்டால் ஓரம் கருகும்.

மண்ணில் தண்ணீர் நிற்கவே கூடாது. தொட்டிக்கு இரண்டு பங்கு கோகோபீட், ஒரு பங்கு பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல்துகள்), ஒரு பங்கு நன்கு மக்கிய இலைமக்கு போதும். கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7 வரை இருக்கலாம். தரையில் களிமண் என்றால் குழியில் மட்டும் மணலைக் கொட்டாதீர்கள். சுற்றியுள்ள களிமண்ணிலிருந்து வடியும் நீர் அந்தக் குழியில்தான் தேங்கும். பாத்தியையே 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். செடிக்குச் செடி 30 முதல் 45 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

கேள்வி: மூன்று வருடச் செடி. நடுவில் மொட்டையாகி, கழுத்து நீண்டு ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. மண்ணை ஏற்றி மூடிவிடலாமா?

இது நோய் இல்லை, செடியின் சுபாவம். ஹியூகெராவின் தண்டு ஆண்டுதோறும் கொஞ்சம் மேலே ஏறி, அடிப்பகுதி கட்டையாகிவிடும். புது வேர் இலைக்கொத்துக்குச் சற்றுக் கீழேதான் வரப் பார்க்கும். அந்த இடம் மண்ணுக்கு மேலே அந்தரத்தில் நின்றால் வேருக்குப் பிடிமானம் கிடைக்காது. உறைபனி விழும் ஊர்களில் மண் உறைந்து இளகும்போது செடியையே மேலே தள்ளிவிடுவதும் உண்டு.

சிறிதளவு வெளியே தெரிந்தால் இலைமக்கை அணைத்துவிடலாம். விரல் நீளத்துக்கு மேல் கழுத்து தெரிந்தால் தோண்டிப் பிரிப்பதுதான் சரி. குளிர் விலகிப் புதுக்குருத்து எட்டிப்பார்க்கும் சமயமோ, கோடை தணிந்த பிறகோ செய்யுங்கள். முந்தின நாள் தண்ணீர் விட்டு, செடியை முழுதாகத் தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவிவிடுங்கள். பின்னிக் கிடப்பது ஒரே செடி மாதிரி தெரிந்தாலும், கழுவியபின் ஒவ்வொரு இலைக்கொத்துக்கும் தனிக்கிளை இருப்பது புலப்படும். கையால் பிளந்து வராத இடத்தில் மட்டும் கத்தி வையுங்கள். ஒரு துண்டில் குறைந்தது ஒரு கொழுந்தும் கொஞ்சம் உயிர் வேரும் இருக்க வேண்டும். நடுவிலுள்ள கறுத்த கட்டை இனி எதற்கும் உதவாது.

பிரித்ததை நடும்போது வெறும் தண்டு முழுவதும் மண்ணுக்குள் போக வேண்டும். இலைக்காம்புகள் கிளம்பும் இடம் மண்மட்டத்தில் நிற்க வேண்டும். கொழுந்து புதைந்தால் அழுகல் நிச்சயம். பெரிய இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டால் செடி வாடாது. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படிப் பிரித்து வைத்தால் தூர் கிழடாகாது.

கேள்வி: ஒரே ஓர் இலையைக் காம்போடு நட்டேன். வேர் வந்தது, மாதக்கணக்காகியும் செடி வரவில்லை. ஏன்?

காம்பின் அடியில் மொட்டு இல்லாததால். வெறும் காம்பு வேர் விடும், ஆனால் புதுக் கொழுந்தை உண்டாக்காது. அடுத்த முறை தாய்த்தண்டின் சிறு சில்லோடு சேர்த்து இலையைச் சீவி எடுங்கள். காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் கடுகளவு மொட்டு தெரிந்தால்தான் அது நடத் தகுந்தது.

இதைவிட எளிது தண்டுக்குச்சி. பக்கக்கிளை ஒன்றை 5 முதல் 7 செ.மீ. தண்டோடு அறுத்து, உச்சியில் இரண்டு மூன்று இளம் இலைகளை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். காய்ந்த இலையடிச் செதில்களை உரித்துவிடுங்கள். பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். பாதி கோகோபீட், பாதி பெர்லைட் கலவையில் நட்டு, நேர்வெயில் படாத இடத்தில் மூடி வையுங்கள். தினமும் சிறிது நேரம் மூடியைத் திறங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். வேர் விடத் தூண்டும் பொடி இருந்தால் போடலாம், கட்டாயமில்லை.

கேள்வி: விதையிலிருந்து அதே நிறம் வருமா?

பெயருள்ள கலப்பின ரகங்களில் வராது. ‘பேலஸ் பர்பிள்’ 1991-இல் அமெரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வான ரகம். அதையும் விதை போட்டால் கருஊதாவிலிருந்து வெளிறிய பழுப்புப் பச்சை வரை கலந்துதான் முளைக்கும். நிறம் நல்லதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். விதை தூசி போல இருக்கும், முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணால் மூடாமல் மேலே தூவி அழுத்திவிட்டு, 18 முதல் 21 டிகிரி செல்சியஸில் வையுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் பொறுங்கள்.

ஒன்று கவனிக்க: புது ரகங்கள் பலவற்றுக்குக் காப்புரிமை உண்டு. அவற்றைப் பெருக்கி விற்பதற்கு முன் லேபிளைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: நன்றாக இருந்த செடி திடீரென வாடியது. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. தூக்கிப் பார்த்தால் கையோடு வந்துவிட்டது!

அடியைப் பாருங்கள். தண்டு கொழகொழவென்று நாற்றமடித்தால் அழுகல். அதிக ஈரமோ, ஆழ நட்டதோ காரணம். தண்டு கெட்டியாக இருந்து வேர் மட்டும் கடிபட்டிருந்தால் கூன்வண்டின் புழு. மண்ணைக் கிளறினால் வெள்ளை உடல், பழுப்புத் தலை, காலில்லாத, வளைந்த புழுக்கள் கிடைக்கும். தாய் வண்டு இரவில் இலை ஓரத்தை அரைவட்டமாகக் கடித்து வைத்திருக்கும். அதற்குப் பறக்கத் தெரியாது, டார்ச் வைத்துப் பொறுக்கலாம். மண்ணிலுள்ள புழுவுக்கு ஒட்டுண்ணி நூற்புழுக்கள் நல்ல மருந்து. ஸ்டைனெர்னீமா க்ராவுசே இனம் மண் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இருந்தாலே வேலை செய்யும். ஊற்றிய பின் இரண்டு வாரம் மண் காயக் கூடாது.

கையோடு வந்த செடியைத் தூக்கி எறியாதீர்கள். தண்டு கெட்டியாக இருந்தால் கழுவி, மேலே சொன்ன தண்டுக்குச்சி முறையில் நட்டுவிடுங்கள்.

கேள்வி: இலையின் மேல் சிறு குழிகள், அடியில் செம்பழுப்புப் புள்ளிகள்.

துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள்.

கேள்வி: வெப்பமும் புழுக்கமும் உள்ள இடத்தில் எந்த ரகம் தாங்கும்?

ஹியூகெரா வில்லோசா இனத்தின் வழிவந்தவை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இனம் அது. இலையில் மெல்லிய ரோமம் இருக்கும். ‘கேரமல்’, ‘சிட்ரோனெல்’, ‘ஜார்ஜியா பீச்’ மூன்றிலும் அந்த ரத்தம் உண்டு. இரவிலும் வெக்கை தணியாத ஊரில் இவையும் திணறும். அங்கே தொட்டியில் மட்டும் வையுங்கள், கோடையில் உரம் போடாதீர்கள், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: பூங்கொத்தை வெட்டலாமா?

தாராளமாக. காய்ந்ததும் காம்பை அடிவரை வெட்டுங்கள். இலைக்காக மட்டும் வளர்ப்பவர்கள் மொட்டிலேயே கிள்ளிவிடுவதும் உண்டு. செடிக்கு ஒன்றும் ஆகாது.